படத்தில் இருப்பவள்

அந்தப் பெரிய கடையில் சுழல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தால் முதலில் எதிர்ப்படுவது முகக் கிரீம் கவுண்டர். செருப்பு வாங்க வந்தவரும் சரி, குக்கர் வாங்க வந்தவரும் சரி, அந்தக் கண்ணாடி மேஜையைச் சுற்றிக்கொண்டுதான் மாடிப்படிக்குப் போக வேண்டும். கடையைக் கட்டியவன் விவரமான ஆள். போகிற வழியில் நாலு கண்ணாடியை மாட்டி வைத்தால் எவளாவது ஒருத்தி நின்று தன் முகத்தைப் பார்ப்பாள். பார்த்தவளுக்கு ஒரு குறை தெரியும். குறை தெரிந்தவள் கைப்பையைத் திறப்பாள். தரைத்தளத்து வியாபாரம் முழுக்க இந்த ஒரு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவள் அந்தக் கவுண்டரில் நின்றாள். வீட்டில் இரண்டு பெண்களில் மூத்தவள் என்பதால் அம்மாவுக்கு அவள் பெரியவள், தங்கை சின்னவள். அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. சின்னவள் வெளியூரில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு விடுதியில் தங்கியிருந்தாள். பெரியவளுக்குக் கைராசி உண்டு என்று கடையில் பேச்சு. ராசியும் இல்லை, மண்ணும் இல்லை, எல்லாம் வாய்தான். கறுப்பு என்ற சொல்லை அந்தக் கவுண்டரில் யாரும் வாயெடுத்துச் சொல்லக் கூடாது, அது கடைச் சட்டம். ‘கொஞ்சம் டல்லா இருக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும். பெரியவள் அதைக்கூடச் சொல்ல மாட்டாள். வருகிறவளின் கையைப் பிடித்து, ஒரு சொட்டு கிரீமை வைத்துத் தேய்த்தபடியே, “ராத்திரி சரியா தூங்கலையா அக்கா?” என்று கேட்பாள். எந்த வீட்டில் எந்தப் பெண் சரியாகத் தூங்கியிருக்கிறாள்? அந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள்.

முதலில் அவள் உடம்பு இளைத்தது. அதற்குப் பாராட்டுக் கிடைத்தது, அதுதான் கொடுமை. வாடிக்கைக்காரிகள் அவள் இடுப்பைப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறாய், எதை விட்டாய் என்று குடைந்தார்கள். அவள் எதையும் விடவில்லை. சாப்பாடுதான் அவளை விட்டிருந்தது. காலையில் எழுந்தால் குமட்டல், நாற்காலியிலிருந்து எழுந்தால் கண் இருட்டல், மாலையில் பஸ் படியில் கால் வைக்கத் தெம்பில்லாமல் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு மூன்றாவதில் ஏறுவாள். அம்மாவுக்கு அது விளங்கவே இல்லை.

“நின்னுக்கிட்டே சம்பளம் வாங்குற வேலை. மூட்டையா தூக்குற? இதுக்கே இப்படி சோம்பேறியா விழுந்து கிடந்தா நாளைக்குப் போற வீட்டுல என்ன சொல்லுவாங்க?”

போகிற வீடு ஒன்று அப்போது நிச்சயமாகியிருந்தது. அச்சகத்தில் வேலை பார்க்கும் பையன். அமைதியானவன், நல்லவன் என்று எல்லோரும் சொன்னார்கள்.

இதற்கிடையில் உப்பு ஆசை வேறு பிடித்துக்கொண்டது. கடையின் சாப்பாட்டு அறையில் உப்புக் குப்பி அவள் கையை விட்டு நகராது. வெள்ளரித் துண்டின் மேல் வெள்ளையாகப் படிகிற வரைக்கும் தட்டுவாள். அது தீர்ந்ததும் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, யாரும் பார்க்காதபோது நக்கிக்கொள்வாள். கைக்கடிகாரக் கவுண்டர்க்காரி ஒருநாள் பார்த்துவிட்டாள்.

“இவ்வளவு உப்பு தின்னா ரோஷம் ஜாஸ்தியாயிடும்டி, பாத்துக்க,” என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

அப்புறம் நிறம் மாறத் தொடங்கியது. விரல் முட்டிகள், முழங்கை, பழைய தையல் தழும்பு என்று அங்கங்கே தொடங்கிய கறுப்பு கழுத்துக்கு ஏறி முகத்துக்கு வந்தது. உள்ளங்கை ரேகைகளை யாரோ பேனா மையால் வரைந்து விட்ட மாதிரி இருந்தது. பல் துலக்கும்போது பார்த்தால் ஈறுகூட நீலம் பாய்ந்து கிடந்தது. வெயிலுக்குப் போகிறவளா அவள்? காலையில் உள்ளே போனால் இருட்டிய பிறகு வெளியே வருகிறவள். எவள் கையிலெல்லாமோ தேய்த்த கிரீமை இப்போது தினமும் படுக்கப் போகும்முன் தன் முகத்தில் அப்பிக்கொண்டாள். விற்கிறவளுக்கே அதில் நம்பிக்கை வந்ததென்றால் அவள் எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிரீம் தன் பாட்டுக்கு மணத்தது. கறுப்பு தன் பாட்டுக்கு ஏறியது.

தரைத்தளத்து மேலாளரைக் கடைப் பெண்கள் டெஸ்டர் என்று கூப்பிடுவார்கள். வாடிக்கையாளர் முகர்ந்து பார்ப்பதற்காகத் திறந்து வைத்திருக்கும் சென்ட் பாட்டில்களுக்கு டெஸ்டர் என்று பெயர். மனிதர் தினம் காலையில் அதில் ஒன்றை எடுத்து இலவசமாக அடித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார். அவர் ஒருநாள் பெரியவளைத் தனியே அழைத்தார். குரலில் தேன் சொட்டியது.

“உனக்கும் ரெஸ்ட் வேணும்ல? கொஞ்ச நாள் கீழ கோடவுன்ல இரு. ஸ்டாக் பாத்துக்க. இங்க நின்னா... கஸ்டமர் என்னம்மா நினைப்பாங்க? விக்கிறவளுக்கே வேலை செய்யலையேன்னு தோணும்ல?”

கறுப்பு என்று அவரும் சொல்லவில்லை. சட்டம் எல்லோருக்கும் பொதுதானே. நிலத்தடியில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, ஒரு ட்யூப் லைட்டின் கீழ் அவளை உட்கார வைத்தார்கள். அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததால் அங்கேயே சுவரோரமாக நிறுத்தி ஒரு போட்டோவும் எடுத்தார்கள். ஒட்டிய கன்னமும் புகை படிந்த நெற்றியுமாக, கண்ணில் உயிரில்லாத ஒரு முகம். அந்தப் போட்டோவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அச்சகத்துப் பையன் வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து டீ குடித்தார்கள், பெரியவளை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தார்கள், பையனுக்கு இப்போது கல்யாணம் செய்கிற யோசனை இல்லை என்றார்கள். இரண்டு மாதத்தில் அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அமைதியானவன் என்று சொன்னது உண்மைதான். கடைசி வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

தெருமுனை டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, தைராய்டு குறைச்சல், இதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். தைராய்டு குறைச்சல் என்பது சரிதான். அதற்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருப்பதை அவர் பார்க்கவில்லை. அது ஒளிந்திருக்கும்போது தைராய்டு மாத்திரையை மட்டும் கொடுத்தால் படுத்திருந்தவளை நிமிர்த்தி ஓட விட்டதுபோல் ஆகும், உள்ளே தெம்பு இல்லாத உடம்பு தாங்காது. தாங்கவில்லை. மாத்திரை தொடங்கிய சில நாட்களில் பெரியவள் கோடவுனில் அட்டைப் பெட்டிகளின் மேல் சரிந்து விழுந்தாள். மேலே கிரீம் தீர்ந்துபோய், எடுத்துவரச் சொல்லி அனுப்பிய கைக்கடிகாரக்காரிதான் பார்த்தாள். கிரீம் கவுண்டரில் அன்றைக்கு விற்பனை சுமாராக இருந்திருந்தால் அவள் செத்திருப்பாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் அவள் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். கீழ் உதட்டை இழுத்து ஈறைப் பார்த்தார். அதன்பிறகு ஒரு ஊசி போட்டார்கள், உப்புத் தண்ணீர் பாட்டில் பாட்டிலாக ஏறியது. சாயங்காலத்துக்குள் பெரியவள் எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றாள். பசி என்ற சொல்லை அவள் சொல்லி ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

“கிருமி வந்தா அடிக்கறதுக்கு உடம்புல ஒரு கூட்டம் இருக்கும்மா,” என்றார் டாக்டர். “உங்க பொண்ணுக்கு அது சொந்த வீட்டையே அடிச்சுக்கிட்டு இருக்கு. சிறுநீரகத்துக்கு மேல குல்லா போட்ட மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கும், அட்ரீனல்னு பேரு. அது ரெண்டும் போயாச்சு. தைராய்டு பாதி போயாச்சு. சினைப்பையும் ஓய்ஞ்சுக்கிட்டு வருது. தனித்தனி வியாதி இல்ல, ஒரே வியாதி மூணு இடத்துல கை வச்சிருக்கு. ரொம்ப அபூர்வமா வர்றது.”

“குணமாயிடுமா?” என்று கேட்டாள் அம்மா.

“போன சுரப்பி திரும்பாதும்மா. அது செய்யற வேலைய மாத்திரை செய்யும். தினமும் காலையில, மதியம். உயிர் இருக்கிற வரைக்கும். விடவே கூடாது. காய்ச்சல் வந்தா ரெண்டு மடங்கு போடணும், வாந்தி வந்தா உடனே ஊசி. பர்ஸ்ல வச்சுக்க ஒரு அட்டை எழுதித் தர்றேன், எங்க விழுந்தாலும் பாக்கறவங்களுக்குத் தெரியணும்.” டாக்டர் எழுதிக்கொண்டே நிமிர்ந்தார். “கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களுக்கும் ஒரு தடவை ரத்தம் பாத்துடுங்க. குடும்பத்துல வர்றதுண்டு.”

“ஒரு தங்கச்சி இருக்கா. அவளுக்கு ஒண்ணுமில்ல டாக்டர். கல்லைத் தின்னாலும் செரிக்கும் அவளுக்கு.”

“இருந்தாலும் பாத்துடுங்க.”

வெளியே வராந்தாவில் மாத்திரைக்கு வரிசையில் நிற்கும்போது அம்மா பெரியவளின் காதருகே குனிந்தாள். “இது இந்த வாசலோட போயிடணும். உன் கல்யாணம்தான் நின்னுபோச்சு. அவளோடதும் நிக்கணுமா? அக்காவுக்கு இப்படி, தங்கச்சிக்கும் ரத்தம் பாத்தாங்கன்னு எவனாவது ஒருத்தன் காதுல விழுந்தா போதும், முடிஞ்சுது கதை.”

“அவகிட்டயாவது சொல்லலாம்லம்மா.”

“அவ வாயில எது நின்னுச்சு இதுவரைக்கும்? விடுதி பூரா சொல்லிட்டுத்தான் மறுவேலை பாப்பா.”

அம்மாவைக் குறை சொல்வது சுலபம். பெரியவள் அன்றைக்குக் குறை சொல்லவில்லை, ஏனென்றால் அவளுக்கும் அது நியாயமாகவே பட்டது. தன்னால் தங்கை கெட்டாள் என்ற பேர் வேண்டாம் என்று நினைத்தாள். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது. மாத்திரைகள் ஒரு காலி விட்டமின் குப்பிக்குள் போயின. சின்னவள் லீவில் வந்தபோது, அக்காவுக்கு ரத்தம் கம்மி, சத்து மாத்திரை சாப்பிடுகிறாள் என்றாள் அம்மா. சின்னவள் அந்தக் குப்பியை எடுத்துக் குலுக்கி, “எனக்கும் ரெண்டு குடு, நானும் சத்தாகறேன்,” என்று சிரித்தாள். பெரியவள் குப்பியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

மாத்திரை வேலை செய்தது. உடம்பு தேறியது, தலைசுற்றல் போனது, மெல்ல மெல்ல நிறமும் திரும்பியது. நெற்றி வெளுத்தது, கழுத்து வெளுத்தது, கன்னம் பழையபடி பூரித்தது. டெஸ்டர் ஏதோ ஸ்டாக் சரிபார்க்கக் கோடவுனுக்கு இறங்கியவர் அவளை ட்யூப் லைட்டின் கீழ் பார்த்துவிட்டு வந்த வேலையை மறந்து நின்றார். மனிதருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

“நீ நம்ம கிரீம்தானே போட்ட?”

“போட்டேன் சார். ஆனா...”

“போட்டியா இல்லையா?”

“போட்டேன்.”

அது பொய் இல்லை. ஒரு வருஷம் அப்பிக்கொண்டாள், ஒரு மயிரளவும் மாறவில்லை. அந்த இரண்டாவது பாதியைச் சொல்வதற்கு வியாதியைச் சொல்ல வேண்டும். வியாதியைச் சொன்னால் கோடவுன்கூட மிஞ்சாது, நோயாளியை வைத்துக்கொண்டு முகக் கிரீம் விற்க எந்தக் கடைக்காரனுக்குத் தலையெழுத்து? அவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வாரம் அவளைப் பழையபடி கவுண்டரில் நிறுத்தினார்கள். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைப் படம் வந்து நின்றது. இடது பக்கம் கோடவுன் சுவரோரம் எடுத்த அந்த அடையாள அட்டை முகம். வலது பக்கம் இப்போதைய முகம், விளக்குப் போட்டு, உதட்டுச் சாயம் பூசி. மேலே கொட்டை எழுத்தில், ‘எங்கள் ஊழியரே சாட்சி!’

கடைக்கு வருகிறவர்கள் முதலில் படத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் அவளைப் பார்ப்பார்கள், அப்புறம் பையைத் திறப்பார்கள். அந்தக் கடையில் அப்படி ஒரு விற்பனை அதற்கு முன் நடந்ததில்லை. பெரியவளுக்கு முதல் சில நாள் அந்தப் படத்தின் பக்கம் திரும்பவே கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. கூச்சம் என்பது அப்படிப்பட்டதுதான், தினமும் அதன் பக்கத்தில் நின்றால் அது நம்மைக் கண்டுகொள்வதை விட்டுவிடும்.

அம்மாவுக்கு அந்தப் படம் வேறு விதத்தில் கைகொடுத்தது. சின்னவளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. எலெக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா காதில் யாரோ எதையோ போட்டிருந்தார்கள். மூத்தவளுக்கு ஏதோ கோளாறு, கரிக்கட்டையாகிப் போனாளாம், கல்யாணமே நின்றதாம் என்று. அம்மா அசரவில்லை. சம்பந்தி அம்மாவை நேராகக் கடைக்கே கூட்டிக்கொண்டு வந்து அட்டைப் படத்துக்கு முன் நிறுத்தினாள்.

“பாருங்க. வெயில்ல கொஞ்சம் மங்கிப்போனா, கிரீம் போட்டா, சரியாப் போச்சு. கோளாறா இருந்தா கடைக்காரன் இப்படிப் படம் போட்டு வைப்பானா?”

சம்பந்தி அம்மா படத்தைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள். “அப்படியா?” என்றாள் பெரியவளிடம்.

“ஆமாங்க,” என்றாள் பெரியவள்.

கல்யாணம் நடந்தது. சின்னவள் கணவன் ஊருக்குப் போனாள். ரயிலில் ஒரு இரவுத் தூரம்.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். சின்னவள் போனில், “அக்கா, உன் கிரீம் ஒரு டப்பா அனுப்பேன்,” என்றாள். “எனக்கில்ல, நாத்தனாருக்கு. உன் படத்தைக் காட்டினேன், ஒரே நச்சரிப்பு.”

ஊழியர்களுக்குத் தள்ளுபடி உண்டு. பெரியவள் வாங்கி அனுப்பினாள். அது தீர்ந்தது என்று சின்னவள் இன்னொன்று கேட்டாள். பிறகு இன்னொன்று.

“உன் நாத்தனார் அதைப் பூசுறாளா, திங்கிறாளா?”

“கழுத்து, கையெல்லாம் பூசுறாக்கா.” சின்னவள் சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை, மூச்சு வாங்கிய சிரிப்பு. வீடியோவில் வா, உன் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு என்றால், இங்கே சிக்னல் இல்லை என்பாள். வீட்டு வேலை ஜாஸ்தியா என்று கேட்டால், “வேலை எல்லாம் இல்ல, நான்தான் சோம்பேறியாயிட்டேன்னு இங்க சொல்றாங்க,” என்பாள். சோம்பேறி என்ற சொல் பெரியவளின் காதில் விழுந்தது. எங்கேயோ கேட்ட சொல்லாக இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அதற்குள் கவுண்டருக்கு யாரோ வந்துவிட்டார்கள்.

கிரீம் வேஸ்ட், உன் நாத்தனாரிடம் காசைக் கரியாக்க வேண்டாம் என்று சொல் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்புறம் உனக்கு எப்படிச் சரியானது என்ற கேள்வி வரும். அதற்கு பயந்து நாலாவது டப்பாவையும் அனுப்பினாள்.

மாப்பிள்ளையின் போன் வந்தது ஒரு காலை நேரம். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு நாளாக வாந்தி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அம்மாவும் பெரியவளும் கிடைத்த ரயிலில் ஏறி மறுநாள் காலை போய்ச் சேர்ந்தார்கள். வார்டுக்குள் கால் வைக்கும்போதே டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். இளம் வயது, கண்ணில் தூக்கமில்லை. சம்பந்தி அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், மாப்பிள்ளை கால்மாட்டில் நின்றார். சின்னவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

“எவ்வளவு தண்ணி ஏத்தினாலும் பிரஷர் ஏறவே மாட்டேங்குது,” என்றார் டாக்டர். “நீங்க அம்மாவா? குடும்பத்துல யாருக்காவது ஏதாவது பெரிய வியாதி, சுரப்பிக் கோளாறு, தினமும் மாத்திரை சாப்பிடறவங்க, அப்படி யாராவது இருக்காங்களா?”

“அப்படி எதுவும் இல்லீங்க,” என்றாள் அம்மா. பை இன்னும் அவள் தோளிலிருந்து இறங்கவில்லை. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பெரியவளுக்குத் தான் கோடவுனில் விழுந்த நாள் ஞாபகம் வந்தது. இருந்தாலும் அவளும் உடனே வாயைத் திறக்கவில்லை, வெறும் வயிற்றுக் கோளாறாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தங்கையின் முகத்தைத் துடைக்கலாம் என்று துண்டுக்காகக் கட்டிலடியில் இருந்த அவளுடைய பையைத் திறந்தாள். துண்டுக்கு அடியில் டப்பாக்கள் இருந்தன. அவள் கடை டப்பா, அவள் ஒட்டிய பார்சல் காகிதம்கூட ஒன்றில் கிழியாமல் இருந்தது. மற்ற மூன்றும் விரலை விட்டு வழித்து வழித்துத் துடைத்த மாதிரி காலி.

“இது உங்க பொண்ணுக்குத்தானே அனுப்பினேன்?” என்று சம்பந்தி அம்மாவைக் கேட்டாள்.

“எம்பொண்ணுக்கா? அவளுக்கு எதுக்கு இதெல்லாம்? இவதான் கதவைச் சாத்திக்கிட்டு அப்புவா. வந்ததுலேர்ந்தே மங்கிக்கிட்டே போறா, என்ன பூசினாலும் ஒட்டலை.”

பெரியவள் போர்வைக்குள் கைவிட்டுத் தங்கையின் கையை வெளியே எடுத்துத் திருப்பினாள். உள்ளங்கை ரேகை ஒவ்வொன்றும் மை தீட்டியிருந்தது.

“டாக்டரைக் கூப்பிடுங்க தம்பி,” என்றாள் மாப்பிள்ளையிடம்.

அம்மாவும் அந்தக் கையைப் பார்த்துவிட்டாள். அவளுக்குத் தெரியாததா? முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் பெரியவளின் முழங்கையை இறுகப் பிடித்து, “வெளிய போய்த் தனியா சொல்லு. இங்க வேணாம்,” என்று பல்லிடுக்கில் சொன்னாள். கட்டிலில் சின்னவளின் கண் மேலே செருகியது. நர்ஸ் பிரஷர் பார்க்கிற ரப்பர் பந்தை மறுபடி மறுபடி அழுத்தினாள். டாக்டர் திரும்பி ஓடி வந்தார். மாப்பிள்ளை, சம்பந்தி அம்மா, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்கு இருக்கு டாக்டர்,” என்றாள் பெரியவள். “அட்ரீனல் போச்சு, தைராய்டு போச்சு. நாலு வருஷமா மாத்திரைல இருக்கேன். கூடப் பிறந்தவளுக்கும் பாக்கச் சொன்னாங்க. நாங்க பாக்கல.” பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். டாக்டர் அதை வாங்கிப் படித்தார்.

அதே ஊசி. அதே உப்புத் தண்ணீர். சாயங்காலம் சின்னவள் கண்ணைத் திறந்து, உப்புப் போட்டு எதையாவது கொடு என்று கேட்டாள். பிழைத்துவிட்டாள். “இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா கையை விட்டுப் போயிருப்பாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவ்வளவு தூரமே வந்திருக்காது,” என்றார் டாக்டர். யாரையும் குத்திச் சொல்லவில்லை, வேலைச் சோர்வில் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

சம்பந்தி அம்மா எழுந்து நின்றாள். “படத்தைக் காட்டி ஏமாத்தியிருக்கீங்க. நீங்கல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறீங்களா?”

பெரியவளுக்கு ஒரு கணம் சிரிப்பு வரப் பார்த்தது. உப்பு ஒன்றுதானே அந்தக் குடும்பத்தில் அளவுக்கு மேல் போனது. சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

உடம்பு தேறட்டும், அம்மா வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சின்னவளை அனுப்பி வைத்தார்கள். துணிமணி எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பினார்கள், ஒரு கைக்குட்டை மிச்சம் வைக்கவில்லை. அதிலேயே புரிந்துவிட்டது. முதலில் மாப்பிள்ளை தினமும் போன் செய்தார், பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு சின்னவள் செய்தாலும் எடுக்கவில்லை. அம்மா இப்போது பெரியவளுடன் பேசுவதில்லை. சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்துவதோடு சரி. ஒரே ஒரு முறை மட்டும், பாத்திரம் தேய்த்துக்கொண்டே முதுகைக் காட்டியபடி சொன்னாள்.

“வெளிய போய்ச் சொல்லுன்னுதானே சொன்னேன். நாலு அடி நடந்து போய்ச் சொல்ல உனக்குக் கால் இல்லாமப் போச்சா?”

நாலு அடி நடப்பதற்குள் தங்கை செத்திருப்பாள் என்று பெரியவள் பதில் சொல்லவில்லை. சொன்னால் அம்மா, அப்படியானால் வருஷக்கணக்கில் ஏன் சொல்லவில்லை என்று திருப்பிக் கேட்கலாம்.

காலையில் அக்காவும் தங்கையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே மாத்திரையை விழுங்குகிறார்கள். விட்டமின் குப்பி குப்பைக்குப் போய்விட்டது, மாத்திரை அட்டை அட்டையாக மேஜை மேலேயே கிடக்கிறது, மறைக்க இனி யார் இருக்கிறார்கள்? சின்னவள் ரொம்ப நாள் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஒருநாள் பேசினாள். கத்தியிருந்தால் பெரியவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

“தினம் படுக்கப் போறதுக்கு முன்னாடி உன் படத்தை போன்ல வச்சுக்கிட்டுப் பூசுவேன்க்கா. இடது பக்கம் என்னை மாதிரியே இருந்துச்சு. அக்காவுக்குச் சரியாச்சு, நமக்கும் ஆயிடும்னு நினைச்சுக்குவேன். அவங்க திட்டும்போதெல்லாம் அதைத்தான் நினைச்சுக்குவேன்.”

பெரியவள் மாத்திரை அட்டையை மடக்கிக்கொண்டே இருந்தாள்.

சின்னவள் உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். பார்சல் காகிதம்கூடப் பிரிக்காத நாலாவது டப்பா. “இது அப்படியே இருக்கு. உங்க கடையில திருப்பி எடுத்துக்குவாங்களா?” குரலில் கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

பெரியவள் அதைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். போனதும் டெஸ்டரிடம் போய், அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் சார் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. புதிதாக வந்த சென்ட் ஒன்றை மணிக்கட்டில் அடித்து முகர்ந்தபடியே சொன்னார்.

“எடுத்துடலாம்மா. உன் இஷ்டம். படம் இருக்கிற வரைக்கும் நீ மேல இருக்கலாம். படம் வேணாம்னா கீழ கோடவுனுக்கும் இப்ப ஆள் வேணாம். யோசிச்சுச் சொல்லு.”

வீட்டில் இப்போது இரண்டு பேருக்கு மாத்திரை வாங்க வேண்டும், அதில் ஒருநாள்கூட விடக் கூடாது. பெரியவளுக்கு யோசித்துச் சொல்ல ஒன்றும் இல்லை. படம் அங்கேயே நிற்கிறது. ஓரம் கொஞ்சம் மடங்கியிருந்ததை டேப் வைத்து ஒட்டியவளும் அவள்தான், டெஸ்டர் சொன்னதால்.

ஒரே ஒரு வித்தியாசம். முன்பெல்லாம் கிரீமை மணிக்கட்டில் வைத்துத் தேய்ப்பாள். இப்போது யார் வந்தாலும் உள்ளங்கையை விரிக்கச் சொல்கிறாள். புதிதாக வந்த கவுண்டர்ப் பெண்கள் இது ஏதோ விற்பனை உத்தி என்று நினைத்து, அவர்களும் அப்படியே செய்யப் பழகிவிட்டார்கள்.

நேற்று ஒருத்தி வந்தாள். கல்லூரி முடித்த வயது இருக்கும். படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இது நீங்கதானே? நிஜமாவே இந்தக் கிரீம்லதான் இப்படி ஆச்சா?”

“படம் என்னோடதுதான்,” என்றாள் பெரியவள். “கையை விரிங்க.”

அந்தப் பெண் கையை நீட்டினாள். பெரியவள் அதை விளக்குக்குக் கீழே இழுத்து, குனிந்து, ரேகை ரேகையாகப் பார்த்தாள். எல்லாம் வெளிறிய சிவப்பில் சுத்தமாக இருந்தன. மூச்சை விட்டாள். பிறகு ஒரு சொட்டு கிரீமை அதன் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே, “ராத்திரி சரியா தூங்கலையாம்மா?” என்று கேட்டாள்.